வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது?

இணையவழிக் கல்விக் காலத்தில் ஆசிரியர் – நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், சங்கரன்கோவில்



பேராசிரியர் ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் நம்மை விட்டுப் பிரிந்தார். அவரை நினைவுகூரும் இந்த அரங்கில் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்து, புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். தமிழில் தலித் எழுத்தை வளர்த்தவர்களின் வரிசையைப் பாருங்கள். பாமா பள்ளி ஆசிரியை. இமையம் பள்ளி ஆசிரியர். அழகிய பெரியவன் பள்ளி ஆசிரியர். கே.ஏ. குணசேகரன் பல்கலைக்கழகப் பேராசிரியர். இது தற்செயலாக நடந்தது அல்ல. நம் தெருக்களுக்குள் மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்த முக்கியமான வழிகளில் வாத்தியார் வேலையும் ஒன்று. அந்த வாத்தியார் வீட்டில்தான் செய்தித்தாள் வந்தது. மனு எழுத வேண்டுமானால் அந்த வீட்டுக்குத்தான் போனோம்.

இன்று அந்த வாத்தியாரின் இடம் என்ன? பாடம் செல்போனில் கிடைக்கிறது. சந்தேகம் கேட்டால் இயந்திரமே பதில் சொல்கிறது. அப்படியானால் ஆசிரியர் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நகரத்தின் தனியார் பள்ளியில் இருந்து கேட்டால் ஒரு பதில் வரும். சங்கரன்கோவில் வட்டாரத்துக் காலனிகளில் இருந்து கேட்டால் வேறு பதில் வரும். அந்த இரண்டாவது பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செல்போனுக்கு எதிராகப் பேச நான் வரவில்லை. நம் இளைஞர்கள் பலர் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பது யூடியூபில்தான். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய், அறை எடுத்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண், அடுப்படியில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்கிறாள். புரியாத இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்கிறாள். நான்காவது முறையும் அந்தக் குரல் அவளிடம் எரிந்து விழுவதில்லை. வகுப்பறையில் அத்தனை முறை சந்தேகம் கேட்டு ஏச்சு வாங்காமல் தப்பித்த தலித் மாணவர்கள் எத்தனை பேர்?

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பின் மூலையில் தனியாக ஒரு கோணிச் சாக்கில் உட்கார வேண்டும். அந்தச் சாக்கைப் பள்ளிப் பணியாளர் தொட மாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். இந்த வரலாற்றில் இருந்து வருகிறவர்களுக்கு, யாரும் சாதி கேட்காத ஒரு திரை ஆறுதலாக இருப்பதில் வியப்பில்லை. அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

தமிழ்நாடு இதில் பின்தங்கியும் இல்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு அச்சிட்டார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. பாடப் பொருளை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை அரசு செய்யத்தான் செய்தது. ஆனால் இவற்றை மட்டுமே நம்பிப் பிள்ளைகளை விட்ட ஒரு காலம் இருந்தது. அப்போது என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் பள்ளி திறந்தது. ஏறத்தாழ 19 மாதம். முதல் வகுப்பின் கடைசியில் வீட்டுக்குப் போன பிள்ளை, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இடையில் நடந்தது முழுவதும் இணையவழிக் கல்வி என்று பெயர் பெற்றது.

அது யாருக்குக் கிடைத்தது? 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர்கள் ஜீன் ட்ரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட குழுவினர், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் வசதி குறைந்த சுமார் 1,400 வீட்டுப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். கிராமங்களில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 8 விழுக்காடு. 37 விழுக்காட்டினர் படிப்பையே விட்டிருந்தார்கள். அந்தக் கிராமப்புறப் பிள்ளைகளையும் சாதி வாரியாகப் பிரித்தால், மற்றவர்களில் 15 விழுக்காடு ஒழுங்காகப் படித்தார்கள். தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் 4 விழுக்காடு. நூறு பேரில் நான்கு பேர். திரை சாதி கேட்பதில்லை என்று சற்று முன்பு சொன்னேன். திரை கேட்காவிட்டாலும், அந்தத் திரை எந்த வீட்டில் இருக்கிறது என்பதைச் சாதி முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது.

நம் தெருவின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு கட்டட வேலைக்குப் போகும். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது. வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்றால் போன் அவனுக்கு, தங்கை காத்திருப்பாள். அதுவும் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் பூப்பறிக்கப் போனார்கள், தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள், தறியில் நூல் போடப் போனார்கள். கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில், இணைய வகுப்பு தொடங்கிய 2020 ஜூன் 1 அன்றே ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுது. நல்ல போன் இல்லை. எழுத்தறிவில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லப்படும் மாநிலத்தில் நடந்தது அது.

சமூகவியலில் பியர் பூர்தியு என்ற பிரெஞ்சு அறிஞர் பண்பாட்டு மூலதனம் என்று ஒன்றைச் சொல்வார். படித்த அம்மா, அமைதியான அறை, வீட்டில் புத்தகம், பேசத் தெரிந்த மொழி இவையெல்லாம் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைக்கும் சொத்து. பள்ளிக்கூடம் என்பது, அந்தச் சொத்து இல்லாத பிள்ளைக்கும் ஆறு மணி நேரமாவது ஓர் இருக்கை, ஒரு கரும்பலகை, மதியம் ஒரு முட்டை, கேட்டால் பதில் சொல்ல ஒரு பெரியவர் என்று கொடுத்த இடம். பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, வீடு இருக்கும் நிலையே பள்ளியின் நிலை ஆகிவிட்டது.

சரி, பிள்ளைகள் இழந்ததை எப்படி மீட்டார்கள்? இதுவும் அளக்கப்பட்டிருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் முதலிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது, பெருந்தொற்றுக்கு முன் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு திண்ணை, இருபது பிள்ளைகள், அதே ஊரில் கல்லூரி வரை படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த ஒரு பெண். அவ்வளவுதான். மாநிலம் முழுவதும் சுமார் 2 லட்சம் பேர் இப்படி வந்தார்கள். நம் காலனிப் பெண்களும் வந்தார்கள். தன் தெருவிலேயே, தன் அத்தை மகளை, தன் அக்காவை ‘டீச்சர்’ என்று கூப்பிடும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதன் மதிப்பை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் காட்டாது.

ஆனால் அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் பூப்பறிக்கப் போனால்கூட அதைவிடக் கூடுதல் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. மையம் எந்தத் தெருவில் நடக்கும்? காலனித் திண்ணைக்கு ஊர்த்தெருப் பிள்ளை வருமா? ஊர்த்தெரு வீட்டு முற்றத்தில் காலனிப் பிள்ளை உட்காருமா? ஒரு தெருவுக்கு ஒரு மையம் என்று வைத்தால் வசதிதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரும் இடம் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அது அரசுப் பள்ளி. திண்ணை அதற்குத் துணையாக இருக்கலாம். மாற்றாக ஆக முடியாது.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம். 2022 செப்டம்பர். சங்கரன்கோவில் வட்டம், பாஞ்சாகுளம். பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். அதை அவர் தரப்பே செல்போனில் படம் பிடித்துப் பரப்பியது. கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்பதும் அதில் இருந்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருந்தும் அதிகம் பயன்படுத்தப்படாத ஒரு பிரிவின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் திருநெல்வேலி நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது என்று சொல்லலாம்.

நான் அந்தப் பிள்ளையின் கேள்வியிலேயே நிற்கிறேன். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? செல்போனில் தேடினால் அகராதிப் பொருள் கிடைக்கும். தீண்டாமை குற்றம் என்று நம் பாடநூல்களின் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதைக் காணொளியாகவும் எடுத்துப் போடலாம். ஆனால் மறுநாள் காலை அந்தப் பிள்ளையும், கடைக்காரர் தெருப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரும்போது, இருவரையும் பார்த்துக்கொண்டு, நேற்று நடந்தது தவறு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவமானப்பட்ட பிள்ளை காதில் அது விழ வேண்டும். மற்றப் பிள்ளை காதிலும் விழ வேண்டும். அதைச் சொல்லும் கடமையும், சொல்வதற்கான அதிகாரமும் உள்ளவர் ஆசிரியர் ஒருவரே. செல்போன் அன்றைக்குச் செய்தது, அந்த அவமானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதும், நமக்குச் சாட்சியம் கொடுத்ததும்தான். இரண்டும் அதே கருவிதான் செய்தது.

அடுத்து நாங்குநேரி. 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் இருந்து விசாரித்தார்கள். சக மாணவர்கள் தரும் தொல்லையை அவன் சொன்னான், புகார் பதிவானது. அன்றிரவே அவனுடைய வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவன் மருத்துவமனையில் இருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான்.

இந்தச் சம்பவத்தை வைத்து, ஆசிரியர் விசாரித்ததால்தான் வினை வந்தது என்று சிலர் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. விசாரித்தது ஆசிரியரின் கடமை, சரியாகவே செய்தார்கள். அந்த விசாரிப்புக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஏற்பாடு இல்லாமல் போனதுதான் குற்றம். புகார் கொடுத்த பிள்ளைக்கு அன்றிரவு என்ன பாதுகாப்பு என்று எண்ணிப் பார்க்க ஓர் அமைப்பு இல்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்றம் செய்ய வேண்டும், ஒரு பகுதியில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராக வைக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கவனியுங்கள். இந்தப் பரிந்துரைகள் பாடத்தைப் பற்றியவை அல்ல. வகுப்பறையில் நிற்கும் மனிதர் யார், அவர் எதைக் கண்டு பேசாமல் இருக்கிறார் என்பதைப் பற்றியவை. தென்மாவட்டங்களில் ஆசிரியரின் பணி எங்கே இருக்கிறது என்பதை அந்த அறிக்கை காட்டிவிட்டது.

இந்த நிலையில் ஆசிரியரை நாம் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்? இங்கே இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். காலையில் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு. பிறகு உணவுக் கணக்கு. பிறகு இலவசப் பொருள் கணக்கு. செயலி வழியாக மதிப்பீடு. நிகழ்ச்சி நடந்தால் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றம். சர்வர் வேலை செய்யாவிட்டால் இரவு வீட்டில் உட்கார்ந்து பதிவேற்றம். இந்தப் பணியில் இருந்து விடுவிக்கக் கேட்டு ஆசிரியர் சங்கங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. இப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் அந்தத் தளத்தில் மூன்று நாள் ‘வரவில்லை’ என்று பதிவாகும். சென்னையில் இருப்பவர் அதைப் பார்க்கலாம். ஏன் வரவில்லை என்பது அதில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, தறிக்குப் போய்விட்டானா, பேருந்தில் யாராவது வம்பு செய்தார்களா, வயதுக்கு வந்துவிட்டாள் என்று நிறுத்திவிட்டார்களா, இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் காலனி வரை நடந்து வர வேண்டும்.

நேர்மையாக ஒன்றைக் கேட்டாக வேண்டும். காலனிக்குள் கால் வைக்காமலே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்? ஒன்பது மணிப் பேருந்தில் வந்து, நாலரை மணிப் பேருந்தில் போய்விடுவார்கள். பள்ளிக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரம் முந்நூறு அடிதான். அதைக் கடக்காமல் முப்பது ஆண்டு. அவர்களுக்கு இந்தத் தளங்களும் செயலிகளும் ஒரு சாக்காகிவிடும் என்பதே என் அச்சம். எல்லாம் பதிவேற்றியாகிவிட்டது, இனி என்ன வேலை என்று கேட்பார்கள்.

மறுபக்கத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் யாரும் உத்தரவு போடாமலே தெருத்தெருவாக வந்து, மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர்கள் சாதி பார்க்காமல் வந்தார்கள் என்று பாராட்டுவதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் செய்தது கருணை அல்ல. ஆசிரியர் வேலையின் நடுப்பகுதி அதுதான். அதைத் தனிமனித நல்ல குணமாக விட்டுவிடாமல் வேலையின் விதியாக மாற்றக் கேட்க வேண்டும்.

கல்வியைச் செல்போனில் விற்ற நிறுவனங்களின் கதையையும் பார்த்தோம். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ் நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பணம் கட்டிய பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அரசுப் பள்ளி ஆசிரியர் தவறு செய்தால் தலைமை ஆசிரியரிடம் போகலாம், வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகலாம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் இருப்பது ஏழைக்குப் பெரிய விஷயம்.

ஆகவே என்ன கேட்கிறோம்? நான்கு கோரிக்கைகளை இந்த மேடையில் வைக்கிறேன்.

ஒன்று, கருவிகளால் மிச்சமாகும் நேரம் ஆசிரியருக்கே திரும்ப வர வேண்டும். பதிவேற்ற வேலைக்குத் தனிப் பணியாளரைப் போடுங்கள். வாரத்தில் அரை நாளை, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும் நேரமாகப் பள்ளிக் கால அட்டவணையிலேயே எழுதுங்கள். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஆசிரியர் போயிருக்க வேண்டும்.

இரண்டு, அப்படிப் போய் விசாரித்து, சாதித் தொல்லை என்று தெரியவந்தால், அன்றைக்கே பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்கும் ஏற்பாடு வேண்டும். ஆசிரியருக்கும் பாதுகாப்பு வேண்டும். சந்துரு குழு அறிக்கையை அலமாரியில் இருந்து எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டும்.

மூன்று, தெருவில் பாடம் சொல்லித் தந்த பெண்களை ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலர்களாகவே காலம் முழுக்க வைத்திருக்கக் கூடாது. அவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். அந்த உழைப்பு நியமனத்தில் கணக்கில் வர வேண்டும். நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு காணொளியால் நிரப்பும் வழக்கம் வரவிடக் கூடாது. ஆசிரியர் பணியிடம் குறைந்தால் இடஒதுக்கீடும் குறைகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல்தான் வந்தது. அந்த வாசல் வழியாக முதல் தலைமுறை உள்ளே வரும் நேரத்தில் பணியிடமே இல்லாமல் போனால், சட்டத்தில் உரிமை இருந்து என்ன பயன்?

நான்கு, இது நமக்கு. எல்லாவற்றையும் அரசிடம் கேட்டுவிட்டுப் போய்விட முடியாது. நம் காலனிகளில் அம்பேத்கர் பெயரில் படிப்பகங்கள் இருக்கின்றன. பல இடங்களில் ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் மட்டும் திறக்கிறோம். அங்கே ஒரு திரை, இணைய வசதி, ஒரு மேசை, மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு படித்த தம்பியோ தங்கையோ. வீட்டுக்கு ஒரு போன் என்ற கணக்கை இப்படித்தான் உடைக்க முடியும். பாடத்தையும் நாம் செய்யலாம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நெற்கட்டும்செவல் இருக்கிறது. பூலித்தேவன் படையில் நின்ற ஒண்டிவீரனைப் பற்றியும் வெண்ணிக்காலாடியைப் பற்றியும் நம் பிள்ளைகள் செல்போனில் தேடினால் என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் சாதிச் சண்டைக்கான ரீல்ஸ். ஆசிரியரும் எழுத்தாளரும் சேர்ந்து, ஆதாரத்தோடு பத்து நிமிடப் பாடமாக அதைச் செய்து வைத்தால், கருவி நம் கைக்கு வரும்.

1894-இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் பஞ்சமர்களுக்கான தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் போன்றவர்களின் உழைப்பும் கோரிக்கையும் இருந்தன. அப்போது மற்றப் பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்கவே தயங்கினார்கள். பள்ளி நம்மிடம் வரவில்லை. நாம் பள்ளியைக் கேட்டு வாங்கினோம். 130 ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கு வர வேண்டாம், போனிலேயே படித்துக்கொள்ளுங்கள் என்று யாராவது நம்மிடம் சொன்னால், சொல்கிறவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வருகைப் பதிவு செய்யும்போது, வராத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் பேருந்துக்கு முன் கால் மணி நேரம் இருந்தால், அதில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். வழி தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.